குடும்பமும் படுக்கையும்

நிலம் கையகப்படுத்தும் அறிவிப்பு ஒன்றை எடுத்து, கவிதைக்குக் கொடுக்கும் கவனத்தோடு வாசித்துப் பாருங்கள். சர்வே எண், உட்பிரிவு, ஹெக்டேர், ஏர், பிறகு பெயர்கள். இன்னார் மகன் இன்னார் என்று போய்க்கொண்டிருக்கும் வரிசையில் எப்போதாவது இன்னார் மனைவி இன்னார் என்று ஒரு வரி வரும். வினைச்சொற்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை: கையகப்படுத்தப்படும், அறிவிக்கப்படுகிறது, பரிசீலிக்கப்படும். வகுப்பில் செயப்பாட்டுவினைக்கு எடுத்துக்காட்டுத் தேடி நான் அலைவதில்லை. செய்தவர் பெயர் இல்லாமல் செயல் மட்டும் நடந்து முடிந்துவிடும் மொழி அது.

தென்னேரியைச் சுற்றியுள்ள ஊர்களில் 2022க்குப் பிறகு இந்த மொழி வீட்டுப் பேச்சில் கலந்துவிட்டது. சென்னையின் இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் அமையும் என்று அந்த ஆண்டு ஆகஸ்டில் அறிவித்தார்கள். முதலில் 13 கிராமங்கள் என்றார்கள், பின்னால் எண்ணிக்கை கூடியது. நிலப்பரப்பு ஐயாயிரம் ஏக்கரைத் தாண்டியது. அதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் நீர்நிலை. பாலாற்று நீரை ஸ்ரீபெரும்புதூர் ஏரி வரை கொண்டுபோகும் கம்பன் கால்வாயும் அந்த எல்லைக்குள் வருகிறது. ஏகனாபுரத்தில் 2022 ஜூலை இறுதியில் தொடங்கிய மாலைநேரப் போராட்டம் ஆயிரம் நாளைக் கடந்து நடந்தது. வயல்வேலை முடிந்து, அடுப்பு வேலைக்கு முன்போ பின்போ வந்து உட்கார்ந்தவர்களில் பெண்களே அதிகம். கிராம சபைகளில் தீர்மானம் மேல் தீர்மானம் போட்டார்கள். 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. இதற்கிடையில், 2022 அக்டோபரில், சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்து, காஞ்சிபுரம் மாவட்டத்தின் பகுதிகளையும் உள்ளே இழுத்துக்கொண்டது. நேற்றுவரை ஊர் என்றிருந்தவை இன்று புறநகர்.

விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு வேறொரு கேள்வி. இந்தப் புறநகரைத் திட்டமிடும் எழுத்துகளில் பெண் எந்த அலகால் எண்ணப்படுகிறாள்?

முதல் அலகு குடும்பம். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் பாதிக்கப்பட்ட குடும்பம் என்ற சொல்லின் மேல் நிற்கிறது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: பழைய 1894ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். கைம்பெண்கள், மணவிலக்கு பெற்றவர்கள், குடும்பத்தால் கைவிடப்பட்டவர்கள் ஆகியோரைத் தனிக் குடும்பமாகக் கருத வேண்டும் என்கிறது. நிலமில்லாத விவசாயக் கூலிகளும் மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பி வாழ்ந்திருந்தால் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குள் வருவார்கள். ஆனால் இந்த வரையறையைப் பெண்ணின் பக்கமிருந்து படித்தால் வேறொன்று தெரிகிறது. கணவன் இறந்தாலோ, பிரிந்தாலோ, விட்டுவிட்டுப் போனாலோ சட்டத்தின் கண்ணில் அவள் தனியாள். கணவனோடு வாழும்வரை அவள் குடும்பத்துக்குள் கரைந்திருக்கிறாள். இழப்பீட்டுத் தொகை பட்டாவில் பெயர் உள்ளவரின் கணக்குக்குப் போகும். நாற்று நட்டு, களை பறித்து, மாட்டுக்குப் புல் அறுத்த முப்பது வருடம் அந்தக் கணக்கில் எந்தப் பத்தியிலும் ஏறாது. கணவனோடு வாழும் பெண்ணுக்கு நிலத்தோடு தனி உறவு ஒன்று இருக்கும் என்று வரையறை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

நாடு முழுவதற்குமான 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, சாகுபடி நிலங்களைத் தம் பெயரில் நடத்தும் பெண்கள் சுமார் 14 சதவீதம். தமிழ்நாட்டில் 1989இலேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு தரும் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. ஒன்றிய அரசு அதைச் செய்ய 2005 ஆனது. பெருமைதான். ஆனால் சட்டம் தந்த பங்கை, தாய்வீட்டோடு உறவு முறியாமல் இருக்கட்டும் என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வருவது நம் வீடுகளில் எவ்வளவு இயல்பாக நடக்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நிலத்தின் விலை ஏறிய பிறகு அந்தக் கையெழுத்துக்காக அண்ணன் தம்பிகள் தட்டோடும் புடவையோடும் வருகிறார்கள்.

நிலமே இல்லாத பெண்ணின் நிலை இன்னும் மெல்லியது. மூன்று ஆண்டுகள் கூலிவேலை செய்தேன் என்பதற்கு அவள் எதைக் காட்டுவாள்? நடவுக்கூலிக்கு யாரும் ரசீது தருவதில்லை. அவள் வாயால் சொல்லித்தான் தெரிய வேண்டும், அதைக் கேட்க ஒருவர் வர வேண்டும். 2013 சட்டத்தில் அப்படி வந்து கேட்பதற்கென்றே இருந்த பகுதி சமூகத் தாக்க மதிப்பீடு. தமிழ்நாட்டில் தொழில் நோக்கத்துக்கு நிலம் எடுக்கும் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தை அந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கி 2014இல் மாநிலத் திருத்தம் வந்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே ஆண்டு மாநில அரசு புதுச் சட்டம் கொண்டுவந்து அதற்கு உயிர் கொடுத்தது, 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. பரந்தூர் நிலங்களுக்கான அறிவிப்புகள் இந்த 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தவை. மதிப்பீடு நடத்துவதும் நடத்தாததும் இனி அரசின் விருப்பம். ஒரு சட்டப்பிரிவை விலக்கிய செயலாகத்தான் இது நாளிதழ்களில் பேசப்பட்டது. பெண்ணின் வாய்மொழி ஆவணத்துக்குள் நுழையும் ஒரே வாசலை மூடியதாக யாரும் பேசவில்லை.

புறம்போக்கு என்ற சொல்லிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். வருவாய்த்துறை அகராதியில் தீர்வைக் கணக்குக்கு வெளியே விடப்பட்ட நிலம். ஏரி, குட்டை, வாய்க்கால், மேய்க்கால், மயானம் எல்லாம் அதில் அடங்கும். தெருவில் அது வசைச்சொல். ஒருவனைப் புறம்போக்கு என்று திட்டும்போது, எவருக்கும் உரிமையில்லாதது எதற்கும் உதவாதது என்ற எண்ணம் உள்ளே கிடக்கிறது. எவருக்கும் உரிமையில்லாத அந்த நிலம்தான் உரிமையில்லாதவர்களுக்கு உதவியது. ஏரிக்கரைப் புல், கோடையில் வற்றிய ஏரிக்குள் ஆடு மேய்ச்சல், சீமைக்கருவேல விறகு, வரப்போரக் கீரை, வாய்க்கால் மீன் எல்லாம் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவை. திட்டப்பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் நீர்நிலை என்றால், அந்த அளவுக்குப் பட்டாதாரர் இல்லாத நிலம் என்று பொருள். அதற்கு இழப்பீடு வாங்க ஆளில்லை. 2023இல் சட்டமன்றத்தில் நிறைவேறி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நில ஒருங்கிணைப்புச் சட்டம், பெருந்திட்டங்களுக்குள் வரும் நீர்நிலைகளைத் திட்டத்தோடு சேர்த்துக் கையாள வழிசெய்கிறது. அதை எதிர்த்த சூழலியலாளர்கள் நீரின் கணக்கைச் சொன்னார்கள். புல்லின் கணக்கும் விறகின் கணக்கும் அங்கேயும் வரவில்லை.

இந்தக் கணக்கு இன்று நேற்று எழுதியதில்லை. எங்கள் மாவட்டத்து உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டைப் பள்ளிப் பாடத்தில் பெருமையோடு படித்து வளர்ந்தவர்கள் நாம். பத்தாம் நூற்றாண்டு, முதலாம் பராந்தகன் காலம். ஏரி வாரியத்துக்கு 6 பேர். தகுதி: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, வேதப் பயிற்சி. ஏரி யாருக்கெல்லாம் சோறு போட்டதோ அவர்களில் மிகச் சிலருக்கே ஏரியைப் பற்றிப் பேச இடம். நிலம் உள்ளவனுக்குத்தான் நீரைப் பற்றிக் கருத்து உண்டு என்ற எண்ணம் ஆயிரம் ஆண்டு கழித்தும் அறிவிப்புப் பலகையில் அப்படியே இருக்கிறது. இதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலமின்மையை அறிக்கையாக எழுதினார். 1892இல் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணைக்கு அது வழிவிட்டது. கணக்கில் இல்லாதவர்களைக் கணக்கில் எழுத முடியும் என்பதற்கு இந்த மண்ணிலேயே முன்னுதாரணம் உண்டு. அந்த நிலம் பிறகு யார் யார் கைக்குப் போனது என்பது வேறு கதை.

இரண்டாவது அலகுக்கு வருகிறேன். அதற்குக் கிழக்கே, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போக வேண்டும். 2021 டிசம்பரில், பூந்தமல்லிப் பக்கத்து விடுதியொன்றில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்ட பாக்ஸ்கான் தொழிலாளிப் பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அவர்களுடைய தோழிகள் இரவோடு இரவாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். புறநகர்த் திட்டமிடலில் பெண்கள் எங்கே தங்குவார்கள் என்ற கேள்வியை அந்த மறியல்தான் அரசின் மேசைக்குக் கொண்டுபோனது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. ஒரு கூடத்தில் அடைத்து வைத்த பழைய விடுதிகளைப் பார்த்தவர்கள் இதைக் குறைத்துப் பேச மாட்டார்கள். நானும் பேசவில்லை. எண்ணை மட்டும் கவனிக்கிறேன். 18,720 என்பது படுக்கைகளின் எண்ணிக்கை. படுக்கையில் ஓராள் படுக்கலாம். குழந்தைக்கு அதில் இடமில்லை, வயதான அம்மாவுக்கும் இல்லை. மணமான பெண்களை ஐபோன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது, ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. வேலைக்கு எடுப்பதை ஒதுக்கிவிட்டுக் கட்டடத்தை மட்டும் பார்த்தாலும், கட்டட வரைபடமே மணமாகாத பெண்ணைத்தான் தொழிலாளி என்று கற்பனை செய்திருக்கிறது.

ஒரே மாவட்டத்தில், சில மைல் இடைவெளியில், ஒருத்தி குடும்பம், இன்னொருத்தி படுக்கை. முதலாமவள் கணவனோடு இருப்பதால் தனியாக எண்ணப்படவில்லை. இரண்டாமவள் தனியாக இருக்கும்வரைதான் எண்ணப்படுகிறாள். அநேகமாக இருவரும் ஒரே பெண்தான், பத்து வயது வித்தியாசத்தில்.

இவை இரண்டுக்கும் இடையில் நூறு நாள் வேலை அட்டை என்று ஒன்று இருந்ததைச் சொல்ல வேண்டும். அதுவும் குடும்பத்துக்கு ஒன்றுதான். ஆனால் அதில் அவள் பெயரும் படமும் இருந்தன, கூலி அவள் கணக்குக்கு வந்தது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் பெண்கள். ஊர் நகரமானால் அந்த வேலை கிடையாது. 2025 தொடக்கத்தில் ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்கும் ஆணைகள் வந்தபோது பல மாவட்டங்களில் ஆட்சியர் அலுவலக வாசலில் கூடிய பெண்கள் முதலில் சொன்னது இதைத்தான். வளர்ச்சி வேண்டாம் என்கிறார்களே என்று தொலைக்காட்சி விவாதங்களில் சலித்துக்கொண்டவர்களுக்கு, நகரமாவது என்றால் சிலருக்குத் தன் பெயரில் வரும் ஒரே வருமானம் நிற்பது என்று புரியவில்லை.

இலக்கியக்காரர்களையும் விடுவதற்கில்லை. விமான நிலைய எதிர்ப்பை ஆதரித்து வந்த கவிதைகள் பலவற்றைப் படித்தேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் நிலம் தாய், ஏரி மார்பு, விமானம் கற்பைச் சூறையாட வரும் அந்நியன். கோபம் உண்மையானது, உருவகம் பழையது. நிலத்தைத் தாயாக்கியவுடன் நிலத்தில் வேலை செய்யும் பெண் மறைந்துவிடுகிறாள். தாய்க்குப் பட்டா எதற்கு, கூலி எதற்கு? நிலத்தைத் தன்னுடையது என்று ஒருநாளும் சொல்ல முடியாத தலித் பெண் அந்தத் தாயின் எந்த மகள்? காஞ்சிபுரத்துப் பட்டைப் பாடும்போதும் இதுவே நடக்கிறது. தறியில் உட்காருபவர் நெசவாளர் என்று பெயர் பெறுகிறார். பாவு பிணைத்து, ஊடைக்குத் தார் சுற்றிக் கொடுத்தவள் கூடமாட உதவுகிறவள். நாட்டின் கைத்தறித் தொழிலாளர்களில் சுமார் 72 சதவீதம் பெண்கள் என்று 2019-20 கணக்கெடுப்பு சொன்ன பிறகும் நம் கட்டுரைகளில் நெசவாளர் ‘அவன்’தான்.

வேடிக்கை என்னவென்றால், நிலம் கேட்கப்படும் ஊர்ப்பெயர்களின் பட்டியலில் மகாதேவிமங்கலம் இருக்கிறது, அக்கம்மாபுரம் இருக்கிறது. ஊர்ப்பெயர் அளவில் பெண்ணுக்கு நிலம் தருவதில் யாருக்கும் தயக்கம் இருந்ததில்லை.

செய்யக்கூடியவை பெரிய புரட்சிகள் அல்ல. இழப்பீட்டு ஆணையில் கணவன் மனைவி இருவர் பெயரும் வர வேண்டும், தொகை இருவர் கணக்குக்கும் பிரிய வேண்டும். கூலிப் பெண்களின் வேலையைக் கிராம சபையில் சாட்சியோடு பதிந்தால் அதை ஆவணமாக ஏற்க வேண்டும். மேய்ச்சலும் விறகும் தந்த புறம்போக்குக்கு மாற்றிடம் காட்டாமல் ஏரியில் மண் கொட்டக் கூடாது. தொழிலாளர் குடியிருப்பின் வரைபடத்தில் தொட்டிலுக்கு இடம் வேண்டும்.

வாசிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை. என் வகுப்பில் கொடுத்ததுதான்: உங்கள் வீட்டுப் பட்டாவில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து எழுதி வாருங்கள். இணையத்தில் எடுத்துவிடலாம், சர்வே எண் தெரிந்தால் போதும். அந்த எண்ணை வீட்டில் கேட்டபோது பாதிப் பேருக்கு வந்த பதில், ‘உனக்கு எதுக்கும்மா அது?’