உதிரிப் பொம்மைகளில் ஒரு பாளையப் படை

குறும்போர் விளையாட்டு என்பது, விரலளவே உயரமுள்ள வீரர் உருவங்களை மேசைமேல் அமைத்த நிலப்பரப்பில் அணிவகுத்து நிறுத்தி, நகர்வை அளவுகோலாலும் சேதத்தைப் பகடையாலும் கணக்கிட்டு ஆடப்படும் ஆட்டமாகும். எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலில் ஈய வீரர்களைக் கொண்டு ஆடும் விதிகளை வகுத்தார். இன்று அவ்வீரர்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கில், தலை வேறு, கை வேறு, ஆயுதம் வேறாக ஒரே சட்டத்தில் வார்க்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றனர். ஒரு பெட்டியில் உடல்களைவிடத் தலைகளும் கைகளும் மிகுதியாக இருப்பது வழக்கமாதலால், எஞ்சியவற்றைச் சேர்த்துவைத்து, வெட்டி ஒட்டி, வேறொரு வீரனை உருவாக்கும் முறை தோன்றியது. ஆர்வலர்கள் கன்வெர்ஷன் என்று அழைக்கும் இம்முறை செலவைக் குறைக்கும் உபாயமாகப் பரவினாலும், தனக்கென்று ஓர் அழகியலை உடையது.

தமிழ்நாட்டில் இதற்கு மிக நெருங்கி நிற்பது நவராத்திரிக் கொலு. ஆண்டுக்கு ஒரு பொம்மையேனும் புதிதாக வாங்கும் வழக்கத்தால் பரண்மேல் பெட்டிகள் பெருகுகின்றன. கல்யாண செட், ஊர்வல செட் போன்றவற்றில் ஓர் உருவம் உடைந்தாலும் மற்றவை துணையிழந்து பெட்டியிலேயே தங்கிவிடுகின்றன. கொலுப் படிகளுக்கு அருகே தரையில் அமைக்கப்படும் பார்க்கில்தான் இந்த உதிரிகளுக்கு மறுவாழ்வு கிடைக்கிறது. பார்க்க வருவோரின் கண் மேற்படிகளிலேயே நின்றுவிடுவதால், வீட்டாரின் கற்பனை முழுவதும் வெளிப்படும் இந்தத் தரைப்பகுதி உரிய கவனத்தைப் பெறுவதில்லை என்பது வருந்தத்தக்கது.

தென்காசி மாவட்டத்துப் பண்பொழியில் உள்ள வீடொன்றின் பார்க்கில் திருமலைக்குமாரசுவாமி கோயில் மலையோ குற்றால அருவியோ இடம்பெறுவது இயல்பாக எதிர்பார்க்கத்தக்கது. ஆனால் உதிரிகளின் ஆற்றலை முழுமையாக உணர, அதே மாவட்டத்தில் நெற்கட்டும்செவலில் 1755இல் நிகழ்ந்த மோதலைப் பொம்மைகளில் அமைப்பதாக எண்ணிப் பார்ப்பது நல்லது. கர்னல் ஹெரான் தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கும்பினிப் படை, பாளையக்காரர் பூலித்தேவரின் கோட்டை முன்னிருந்து பின்வாங்கிய நிகழ்ச்சி அது. உலகச் சந்தையில் மலிந்திருப்பவை நெப்போலியன் காலத்து வீரர்களும் இரண்டாம் உலகப்போர் வீரர்களுமேயாதலால், பாளையப் படையை விரும்புவோர் அதைத் தாமேதான் உருவாக்கிக்கொள்ள வேண்டும். சிக்கனத்துக்காகக் கற்ற கை, கடையில் கிடைக்காததைப் படைக்கும் கையாக மாறுவது இங்கேதான்.

இத்தகைய காட்சியை ரசிப்பவர் முதலில் நோக்க வேண்டியது வண்ணத்தின் நேர்த்தியை அன்று, உடலின் நிலையை. ஊர்வல செட்டில் குடை பிடிப்பவர் கையை உயர்த்தி, விரல்களை மடக்கி நிற்பார். குடைக்காம்பை நீக்கிவிட்டு அந்தத் துளையில் ஈட்டியைச் செருகுவது எளிதாயினும், அவ்வளவில் அவர் வீரராகிவிடுவதில்லை. குடை பிடிப்பவர் நிமிர்ந்து அமைதியாக நிற்க, ஈட்டிக்காரனோ முன்னோக்கிச் சாய வேண்டும். தேர்ந்த கை, பொம்மையின் பீடத்துக்குப் பின்விளிம்பில் ஒரு சிறு ஆப்பைக் கொடுத்து முழு உடலையும் சாய்த்து, ஆப்பு தெரியாதபடி மண்ணைத் தூவி மறைத்துவிடுகிறது. காகிதக்கூழ் பொம்மையாயின் கழுத்தை அறுத்து முகத்தைச் சற்றுத் திருப்பலாம். சுட்ட களிமண் அறுக்கும்போது நொறுங்கும் என்பதால் மண் பொம்மையில் அது அரிது. திருப்பிய கழுத்தினுள் கம்பி செருகப்பட்டு, மூட்டின்மேல் எம்-சீல் என்னும் இறுகும் பிசினால் ஒரு துண்டு போர்த்தப்படுகிறது. துண்டும் தலைப்பாகையும் எங்கே அழகுக்காக உள்ளன, எங்கே மூட்டை மறைக்க உள்ளன என்று பிரித்தறிவது ரசனையின் பெரும்பகுதியாகும்.

அடுத்தது அளவு. பாளையப் படையினரின் ஈட்டி ஏறத்தாழ 18 அடி நீளமுடையது என்று ஆங்கிலேயப் படையினரின் குறிப்புகள் கூறுகின்றன. அதாவது ஆளின் உயரத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். 5 அங்குலப் பொம்மைக்கு 16 அங்குலத்துக்குக் குறையாத ஈட்டி தேவை என்பதால், தென்னந்தோப்புகள் சூழ்ந்த பண்பொழியில் செலவின்றிக் கிடைக்கும் ஈர்க்கே அதற்கு மிகப் பொருத்தமானது. பொம்மையின் உயரத்துக்கே ஈட்டியை நறுக்கிவிட்டால் வீரன் காவலாளியாகச் சுருங்கிவிடுகிறான்.

மாற்றத்தின் உச்சத்தை நாகசுரக்காரர் பொம்மையில் காணலாம். திறந்த மார்பு, இடையில் வேட்டி, காற்றடைத்து உப்பிய கன்னங்கள் ஆகியவற்றோடு இருக்கும் அவரிடமிருந்து நாகசுரத்தை நீக்கி, ஊதுவத்திக் குச்சியால் செய்த திரித் துப்பாக்கியைக் கையில் பொருத்தினால், அந்தக் கன்னங்களுக்குப் புதிய காரணம் பிறக்கிறது. திரித் துப்பாக்கி என்பது புகைந்துகொண்டிருக்கும் திரியால் மருந்தைப் பற்றவைக்கும் பழைய வகையாகும். சுடுவதற்கு முன் வீரன் திரியை ஊதிக் கனலச் செய்வது வழக்கம். இசைக்கு ஊதியவர் இப்போது நெருப்புக்கு ஊதுகிறார். பொம்மையின் பழைய பிறவியை அழிக்காமல் அதன் இயல்பையே புதிய வேலைக்குத் திருப்பும் இத்தகைய கண்டுபிடிப்பு, எத்துணை விலையுயர்ந்த புதுப் பொம்மையாலும் தரமுடியாத இன்பத்தைத் தருகிறது. சிவப்புக் கோட்டு அணிந்த பேண்டு வாத்தியக்காரர்கள் கும்பினிச் சிப்பாய்களாவதும் நல்ல மாற்றமே எனினும், உடையின் நிறத்தை மட்டுமே நம்புவதால் ஒரு படி கீழேதான் வைக்கத்தக்கது.

மண், காகிதக்கூழ், பிளாஸ்டிக் ஆகிய மூன்றும் ஒரே காட்சியில் கலக்கும்போது, எல்லாவற்றுக்கும் ஒரே அடிப்பூச்சு கொடுத்தபின் வண்ணம் தீட்டியிருந்தால்தான் படை ஒரே படையாகத் தோன்றும். மினுக்கம் உருவத்துக்கு உருவம் வேறுபட்டால் ஒட்டுவேலை வெளிப்பட்டுவிடும். தெய்வப் பொம்மைகளை மட்டும் இம்மாற்றங்களுக்கு உட்படுத்துவதில்லை. பின்னமானவற்றை நீர்நிலையில் சேர்ப்பதே மரபு. இக்காட்சியை நின்றபடி மேலிருந்து பார்ப்பதைவிடத் தரையில் அமர்ந்து, பொம்மைகளின் கண்மட்டத்துக்குத் தலையைத் தாழ்த்திப் பார்ப்பதே முறை. அப்போதுதான் சாய்ந்த உடல்களும் ஈட்டிகளின் நெருக்கமும் கோட்டைச் சுவரும் உரிய உயரத்தைப் பெறுகின்றன.

அச்சுவர் மண்ணாலேயே ஆகியிருப்பது பொருத்தம், ஏனெனில் அவ்வட்டாரப் பாளையக் கோட்டைகள் மண்கோட்டைகளே. கும்பினியின் பக்கம் பீரங்கிகள் சிறியனவாக இருக்க வேண்டும். சுவரைத் தகர்க்கத்தக்க பெரிய பீரங்கிகள் இல்லாமையே 1755இல் ஹெரான் பின்வாங்கியதற்கு ஒரு முக்கியக் காரணம். பெரிய பீரங்கிகள் வரிசையாக நின்றால், அமைத்தவர் காட்டுவது அந்த ஆண்டையா, நெற்கட்டும்செவலைக் கும்பினித் தளபதி யூசுப்கான் கைப்பற்றிய 1761ஐயா என்று அவரிடமே கேட்டறியலாம்.