பூஞ்சேரியில் நான் பார்த்த குகேஷ்

உலக செஸ் சாம்பியன் குகேஷை டிவியில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். நான் பார்த்தது அதற்கு முந்தைய குகேஷை. 16 வயது. மெலிந்த உடம்பு, நெற்றியில் திருநீறு, சட்டைக்கு மேல் இந்திய அணியின் கோட்டு. கயிற்றுத் தடுப்புக்கு அந்தப்பக்கம் அவர், இந்தப்பக்கம் நான். நடுவில் சில அடி தூரம்தான். இதைச் சொல்லச் சொல்ல எனக்கு அலுக்கவே இல்லை, இன்றைக்கும்.

செங்கல்பட்டுக்காரர்களுக்கு மாமல்லபுரம் என்றால் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் ஏறிப் போகிற ஊர். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், சொந்தக்காரர்கள் வந்தால் ஒரு சுற்று, அவ்வளவுதான். 2022 ஜூலையில் அந்த ஊரே வேறு முகம் காட்டியது. ரஷ்யாவில் நடக்க வேண்டிய 44-வது செஸ் ஒலிம்பியாட், உக்ரைன் போரால் இடம் மாறி நம் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தது. இந்தியாவில் ஒலிம்பியாட் நடப்பதே அதுதான் முதல் முறை. ஏற்பாட்டுக்குக் கிடைத்தது ஏறத்தாழ நான்கு மாதம். அதற்குள் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரி ஃபோர் பாயிண்ட்ஸ் ஓட்டல் வளாகத்தில் ஒரு புது அரங்கமே எழும்பிவிட்டது. சாலையெங்கும் போட்டியின் சின்னமான வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' கைகூப்பி நின்றது. உளிச்சத்தம் கேட்கும் சிற்பக்கூடங்களைத் தாண்டிப் போனால் நைஜீரியாக்காரரும் நார்வேக்காரரும் இளநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். 180-க்கும் மேற்பட்ட நாடுகள்! அப்போதைய உலக சாம்பியன் மாக்னஸ் கார்ல்சன் நம் ஊர்க் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாலே உள்ளுக்குள் ஏதோ செய்தது.

உள்ளே நுழையும்போது செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பதும் நல்லதுக்குத்தான் என்று அரங்கத்துக்குள் போனதும் புரிந்தது. அத்தனை நூறு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் கடிகாரத்தைத் தட்டும் மெல்லிய சத்தமும், எழுந்து நடப்பவர்களின் காலடியும் தவிர வேறு எதுவும் காதில் விழாது. கிரிக்கெட் மைதானத்தின் கூச்சலில் கிடைக்காத ஒரு படபடப்பு அந்த அமைதியில் இருந்தது. அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

குகேஷ் ஆடுவதைவிட குகேஷ் யோசிப்பதைப் பார்க்க வேண்டும். எதிராளி காயை நகர்த்திவிட்டு எழுந்து போய்விடுவார். இவர் தாளில் நகர்வை எழுதுவார். பேனாவை நேராக வைப்பார். நாற்காலியில் லேசாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். தூக்கமோ என்று பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பிள்ளை அம்மாவிடம் கிசுகிசுத்தது. மூடிய இமைக்குள் கண்மணி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். பலகை எதிரிலேயே இருக்கிறது. ஆனால் அவருக்கு அது தேவைப்படவில்லை. சட்டென்று கண்ணைத் திறந்து, கை நீட்டி, காயைக் கட்டத்தின் நடுவில் அலுங்காமல் வைத்து, கடிகாரத்தை அமுக்குவார். அந்தக் கையில் ஒரு சின்ன நடுக்கம்கூட நான் பார்க்கவில்லை.

அந்த ஒலிம்பியாடில் அவர் ஆடியது இந்தியாவின் இரண்டாவது அணிக்கு. குகேஷ், நிஹால் சரீன், பிரக்ஞானந்தா, அதிபன், ரௌனக் சாத்வானி, கேப்டன் ஆர்.பி.ரமேஷ். போட்டியை நடத்தும் நாடு என்பதால் கிடைத்த கூடுதல் அணி அது. அந்த அணியின் முதல் பலகையில் உட்கார்ந்த பையன் முதல் ஆட்டத்தை ஜெயித்தார். இரண்டாவதையும் ஜெயித்தார். ஸ்பெயினின் ஷிரோவ், ஆர்மீனியாவின் சர்கிசியான் என்று பெரிய தலைகள் வரிசையாகச் சாய்ந்தன. எட்டாவது சுற்றில் அமெரிக்கா. எதிரில் ஃபேபியானோ கருவானா, 2018-ல் உலகப் பட்டத்துக்கே கார்ல்சனுடன் மோதியவர். குகேஷுக்குக் கருப்புக் காய்கள். அதிலும் வெற்றி! அணியும் 3-1 என்று அமெரிக்காவைச் சாய்த்தது. எட்டுக்கு எட்டு. ஒலிம்பியாடின் முதல் பலகையில் இப்படி ஒரு ஓட்டத்தை என் வாழ்நாளில் நேரில் பார்ப்பேன் என்று நினைத்ததே இல்லை. அன்று திரும்பி வரும் பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களெல்லாம் அந்த ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.

ஆனால் நான் குகேஷுக்கு முழு அடிமையானது அந்த எட்டு வெற்றிக்காக இல்லை. பத்தாவது சுற்றுக்காக.

உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரவ் எதிரில். அவருக்கு 17 வயதுதான். தங்கப் பதக்கமே அந்த ஆட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. குகேஷ் வெற்றிக்கே ஆடினார்; நிலையும் அவர் பக்கம்தான் சாய்ந்திருந்தது. நேரம் கரையக் கரைய, ஒரே ஒரு தவறான நகர்வு. அவ்வளவுதான், எல்லாம் தலைகீழ். கடைசிக் கட்டத்தை வீட்டில் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தோம். முகத்தைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டு அந்தப் பையன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கே கடைசிச் சுற்று. ஜெர்மனியின் வின்சென்ட் கெய்மர். அதே கோட்டு, அதே திருநீறு, அதே மூடிய கண்கள். ஆட்டம் டிரா. அணி 3-1 என்று ஜெயித்து வெண்கலம் வாங்கியது. 11-க்கு 9 புள்ளியோடு முதல் பலகையின் தனிநபர் தங்கம் குகேஷுக்கு, கார்ல்சனுக்கு வெண்கலம்.

பிறகு அவர் ஆடிய ஒவ்வொரு பெரிய போட்டியிலும் இதையேதான் பார்க்கிறேன். அடி விழும், அடுத்த ஆட்டங்களில் பதில் வரும். 2024 ஏப்ரல், டொராண்டோ. கேண்டிடேட்ஸ் போட்டியின் ஏழாவது சுற்றில் பிரான்ஸ் வீரர் அலிரேசா ஃபிரூஜாவிடம், நேர நெருக்கடியில், கையில் இருந்த ஆட்டம் போனது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு சுருண்டிருப்பார்கள். குகேஷோ, அந்தத் தோல்விக்குப் பிறகுதான் இந்தப் போட்டி தன்னுடையது என்று தோன்றியதாகப் பின்னால் சொன்னார். எட்டாவது சுற்றில் விதித் குஜராத்தியை வென்றார். 13-வது சுற்றில் அதே ஃபிரூஜாவை வென்றார். 14-க்கு 9. 17 வயதில் உலகப் பட்டத்துக்கு மோதும் உரிமை!

அந்த ஆண்டு செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாட். பூஞ்சேரியில் கைநழுவிய தங்கம் அங்கே வந்தது. பத்து ஆட்டத்தில் 9 புள்ளி. கருவானாவுக்கு மறுபடியும் தோல்வி. நவம்பர் கடைசியில் சிங்கப்பூரில் உலகப் பட்டப் போட்டி. அப்போதைய சாம்பியன் டிங் லிரெனிடம் முதல் ஆட்டமே தோல்வி, மூன்றாவதில் பதிலடி. 11-வதை ஜெயித்து, 12-வதை இழந்து, டிசம்பர் 12 அன்று 14-வது ஆட்டம். எல்லோரும் டிரா என்று முடிவுகட்டிய நிலையை இவர் மட்டும் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் அதைப் பார்த்த அந்த நொடி, தண்ணீர் பாட்டிலை எடுத்து, நாற்காலியில் பின்னால் சாய்ந்து, முகத்தில் அடக்க முடியாத ஒரு சிரிப்பு! டிங் எழுந்து போனபிறகு குகேஷ் அழுதார். அழுதுகொண்டே என்ன செய்தார் தெரியுமா? சிதறிக்கிடந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து முதல் நிலையில் அடுக்கினார். 18 வயதில் உலகத்தையே ஜெயித்துவிட்டு, பலகையை ஒழுங்குபடுத்திவிட்டுத்தான் எழுந்தார். அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இந்தப் பக்குவம் வானத்திலிருந்து விழுந்ததில்லை. அப்பா ரஜினிகாந்த் காது மூக்கு தொண்டை மருத்துவர். மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தொழிலையே ஒதுக்கி வைத்தவர். அம்மா பத்மகுமாரி நுண்ணுயிரியல் வல்லுநர், வீட்டுக்கு வந்த வருமானம் அவருடையதுதான். பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, சின்ன வயதில் கம்ப்யூட்டர் எஞ்சின் பக்கமே போகவிடாமல் சொந்த மூளையால் கணக்குப் போடப் பழக்கினார். அந்த மூடிய கண்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது அந்தப் பயிற்சிதான் என்பது என் எண்ணம். 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். மிக இளம் கிராண்ட்மாஸ்டர் என்ற கர்யாக்கினின் உலக சாதனை 17 நாளில் தவறிப்போனது. அப்போதே ஆரம்பித்துவிட்டது, தவறியதைத் தூக்கி வைத்துவிட்டு நடக்கிற பழக்கம்.

சாம்பியன் ஆன பிறகு 2025 அவருக்கு மேடும் பள்ளமுமாகத்தான் போனது. கோவாவில் நடந்த உலகக் கோப்பையில் சீக்கிரமே வெளியேறினார். உடனே ஆளாளுக்குக் குறை சொல்லக் கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்கெல்லாம் அதே ஆண்டு நார்வே செஸ் போட்டியில் நடந்ததை நினைவுபடுத்துவேன். முதல் சுற்றில் கார்ல்சனிடம் தோல்வி. ஆறாவது சுற்றில் அதே கார்ல்சனை, அவர் சொந்த நாட்டிலேயே, தோற்கும் நிலையிலிருந்து மீண்டுவந்து வென்றார். கார்ல்சன் மேசையில் ஓங்கிக் குத்திய குத்தில் காய்கள் துள்ளின.

என்னைக் கேட்டால், விஸ்வநாதன் ஆனந்துக்குப் பிறகு தமிழ்நாடு விளையாட்டு உலகுக்குக் கொடுத்த மிகப் பெரிய கொடை குகேஷ்தான். அவருடைய மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்று நம் பூஞ்சேரியில் ஆடியது. கருவானாவுக்கு எதிரான அந்த ஆட்டத்தின் நகர்வுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டில் பலகை இருந்தால் எடுத்து வையுங்கள், பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், கருப்புப் பக்கம் உட்கார்ந்து, ஒவ்வொரு நகர்வாக, நிதானமாக ஆடிப் பாருங்கள்.