விருந்தோ, சுற்றமோ?
மூதாதையர் ஊரை நாடிச் சென்றோர் எழுதிய நூல்கள் சில பற்றிய ஓர் ஆய்வு

முன்னோர் வாழ்ந்த ஊரைக் காணச் சென்று மீண்டோர் எழுதிய நூல்கள் ஆங்கில இலக்கியத்தில் இன்று ஒரு தனிவகையாக எண்ணத்தக்க அளவிற் பெருகியுள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றோரின் பேரப்பிள்ளைகளும், அதற்கு முன்னர் ஆபிரிக்கக் கரைகளிலிருந்து அடிமைகளாக அள்ளிச் செல்லப்பட்டோரின் வழித்தோன்றல்களும், கல்வியும் பொருளும் எய்திய பின்னர்த் தம் முன்னோர் மண்ணை நாடிச் சென்றனர். சென்றோருட் சிலர் எழுதினர். இந்நூல்களைத் திறனாய்வோர் பெரும்பாலும், சென்றவர் யாது கண்டார் என்பதனையே வினாவுகின்றனர். வரவேற்றவர் யாது கருதி வரவேற்றார் என்னும் வினா அரிதாகவே எழுகின்றது. ஈண்டு அவ்வினாவை முன்னிறுத்தி, வி. எஸ். நைப்பால் 1964 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இருளின் பரப்பு’ எனத் தமிழிற் பெயர்க்கத்தகும் நூலைச் சிறப்பாகவும், அதனோடு வைத்து நோக்கத்தக்க வேறு மூன்று நூல்களைச் சுருக்கமாகவும் ஆராயப் புகுகின்றோம்.

நைப்பால் 1932 இல் திரினிடாட் தீவிற் பிறந்தவர். அவர்தம் தாய்வழிப் பாட்டனார் உத்தரப் பிரதேசத்தின் கீழ்ப்பகுதியிலுள்ள சிற்றூரொன்றிலிருந்து ஒப்பந்தக் கூலியாகக் கடல் கடந்தவர். பாட்டனார் கண்ட இந்தியா அவ்வீட்டிற் பொருள்வடிவில் எஞ்சியிருந்தது: கயிற்றுக் கட்டில், பித்தளைப் பாத்திரங்கள், எவரும் பயன்படுத்தாத அச்சுக்கட்டைகள், பழுதடைந்த ஆர்மோனியம், தாமரையில் வீற்றிருக்கும் தெய்வங்களின் படங்கள். நூலின் முதலதிகாரத்தில் இப்பொருள்களை அவர் எண்ணிச் சொல்லும் பகுதி மிகச் சிறந்தது. பழுதானவற்றைப் பழுது பார்க்கலாமேயன்றிப் புதிதாக ஒன்றை அங்குச் செய்விக்க இயலாது. இந்தியா ஆங்கே ஒரு தேசமாக அன்றித் தேய்ந்துவரும் தட்டுமுட்டுச் சாமான்களாகவே இருந்தது. இத்தகைய வீட்டில் வளர்ந்தவரே 1962 இற் கப்பலிற் பம்பாய் வந்து இறங்கினார்.

அங்கு அவருக்கு நேர்ந்தது யாது? அவமதிப்பு அன்று. சுங்கச்சாவடியில் அவர் கொணர்ந்த மதுப்புட்டிகள் இரண்டைப் பறித்துக்கொண்டனர். அவற்றை மீட்க அவர் அலுவலகம் அலுவலகமாக அலைந்த கதை நகைச்சுவை மிக்கது. ஆயினும் அவரை உண்மையாகத் தாக்கியது வேறு. திரினிடாட்டில் இந்தியனாக இருத்தல் ஒரு வேறுபாடு, இங்கிலாந்திலும் அவ்வாறே. கடையிலோ உணவகத்திலோ நுழைந்தால் எதிரிலிருப்பவர் கண்களில் ஒரு மாறுதல் தோன்றும்; அதற்கு அவர் பழகியிருந்தார். பம்பாயில் அம்மாறுதல் இல்லை. சேர்ச்கேற் புகையிரத நிலையத்திற் பெருகிச் செல்லும் கூட்டத்தில் அவர் ஒரு துளியாயினார். முகம் வேறுபட நோக்கிய அளவிலே விருந்தினர் வாடுவர் என்னும் கருத்து நம் மாணவர் யாவரும் அறிந்தது. நைப்பாலை வாட்டியது முகந்திரிந்த நோக்கன்று. எவரும் நோக்காமையே அவரை வாட்டியது. தாயகம் தேடி வருவோரின் உள்ளத்தில் மறைந்திருக்கும் முரண்பாடு இது: ஆங்குள்ள எல்லாரையும் போல ஆகவேண்டும் என்றும் அவர் விழைகின்றார், எல்லாரினும் வேறாக மதிக்கப்படவும் விழைகின்றார்.

நிற்க. ‘விருந்து’ என்னும் சொல் புதுமை எனப் பொருள்பட்டு, ஆகுபெயராற் புதிதாய் வந்தாரைக் குறித்து நின்றது. திருக்குறளில் விருந்தோம்பல் இல்லறவியலைச் சார்ந்த ஒன்பதாம் அதிகாரம். சுற்றந்தழால் பொருட்பாலைச் சார்ந்த ஐம்பத்துமூன்றாம் அதிகாரம். இவ்விரண்டினையும் வள்ளுவர் வேறு வேறு பாலில் வைத்ததன் நுட்பம் எண்ணத்தக்கது. விருந்தினனுக்கு உணவும் இன்முகமும் அளித்தல் அறம். அவன் சின்னாளிற் பெயர்வான். அவனிடம் ஒன்றை இரத்தல் இழிவு. சுற்றத்தானோ எனின், அவன்பாற் கேட்பதற்கு உரிமை உண்டு. செல்வம் எய்தியதன் பயனே சுற்றத்தாராற் சூழப்படுதல் என்னும் கருத்துப்பட வள்ளுவர் கூறுதலின், செல்வனைச் சுற்றத்தார் அணுகிக் கேட்டல் பிழையன்று என்பது போதரும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு, நைப்பால் தம் பாட்டனாரின் ஊருக்குச் சென்ற பகுதியைப் படிப்போமாயின், அது பிறிதொரு வகையாகத் தோற்றும்.

‘தூபேயர் ஊர்’ என அழைக்கப்படும் அவ்வதிகாரம் நூலின் இறுதியை அடுத்து நிற்பது. அவர் ஓர் அரசாங்க அதிகாரியின் துணையுடன் செல்கின்றார். வறண்ட சிற்றூரை எதிர்பார்த்தவர் பெரியதொரு மாந்தோப்பையும் அதன் பசுமைக்கு மேல் வெண்மையாய்த் தோன்றும் கோயிற் சிகரங்களையும் காண்கின்றார். செய்தி பரவுகின்றது, உறவினர் கூடுகின்றனர், பெண்டிர் காலைத் தொட்டு அழுகின்றனர். பாட்டனாரின் கதையறிந்த மூதாட்டி ஒருத்தி அவர் பாதணியைப் பற்றிக்கொண்டு கண்ணீர் சொரிகின்றாள். ஒரு மனிதன் பெறக்கூடிய வரவேற்புகளில் இதனினும் உயர்ந்தது யாது? எனினும் அவர் உள்ளம் குழைகின்றிலது. பின்னர், குடும்பத்தின் தலைவராகிய இராமச்சந்திரர் அவரைத் தேடி வருகின்றார். பாட்டனாரின் நிலத்தில் விளைந்த அரிசியை அளிக்க விரும்புகின்றார். அத்தோடு நில வழக்கொன்றை நடத்துவதற்குப் பொருளுதவியும் வேண்டுகின்றார். அவ்வளவில் நைப்பாலின் வெறுப்பு முற்றுகின்றது.

இவ்விடத்தை எடுத்துக்காட்டி நைப்பாலை நன்றியில்லாதவர் எனக் கடிந்தோர் உளர். இந்தியரின் பேராசையை அஞ்சாது உரைத்தார் எனப் புகழ்ந்தோரும் உளர். இரு திறத்தாரும் அரிசியையும் வழக்கையும் இரு வேறு செயல்களாகக் கொண்டே பேசினர்: அரிசி அன்பு, வழக்கு தன்னலம் என்று. இராமச்சந்திரருக்கு அவை ஒன்றே. பாட்டனாரின் நிலத்து அரிசியை ஏற்பவன் அந்நிலத்தின் வழக்கையும் ஏற்றவனாவான். அயலான் ஒருவன் வந்திருந்தால் அவ்வரிசியும் கிட்டியிராது. வழக்குப் பற்றிய பேச்சும் எழுந்திராது. கேட்டதனாலேயே அவர் நைப்பாலை உறவினராக மதித்தார் என்பது வெளிப்படை. சுற்றத்தானுக்குரிய கண்ணீரை எதிர்பார்த்துச் சென்றவர், கடமையென்று வரும்போது விருந்தினனாக மாறிவிடுகின்றார். வெளிநாட்டில் உள்ள உறவினர் ஊருக்கு வந்து மீளும் வழக்கம் மிக்க நம் குடாநாட்டில் இவ்வதிகாரத்தை விளக்குதல் எளிது. பெட்டி திறக்கும் முன்னே கடன் கேட்கும் ஒன்றுவிட்ட சகோதரரை அறியாத வீடு இங்கு இல்லை.

இத்துணையும் கூறியது நூலைத் தாழ்த்துதற்கன்று. அவ்வதிகாரத்தின் முடிவு நைப்பாலின் நேர்மைக்குச் சான்று. ஊரை விட்டு நீங்குங்கால், குளித்து நல்லுடை அணிந்த சிறுவன் ஒருவன் பட்டினம்வரை வண்டியில் வர விழைகின்றான். ஏற்றிச் செல்வோமா என அதிகாரி வினவ, அச்சோம்பேறி நடந்தே வரட்டும் என்கின்றார் நைப்பால். தம் பயணம் பயனின்மையிலும் பொறுமையின்மையிலும் வேண்டாத கொடுமையொன்றிலும் முடிந்தது என்றும், தாம் ஓடிப்போனார் என்றும் அவரே எழுதிவைத்தார். தம்மை நல்லவராகக் காட்டும் பயணநூல்கள் மலிந்த உலகில் இவ்வாறு எழுதுதற்குத் துணிவு வேண்டும். குறை பிறிதோரிடத்தில் உளது. தம்மீது கடுந்தீர்ப்புக் கூறிய அவர், இராமச்சந்திரரின் வழக்கு நியாயமானதா என்று ஒருகாலும் வினாவவில்லை. நிலம் யார் கையில் உளது, எவ்வாறு கைமாறிற்று, வழக்கில் வெல்ல வழியுண்டா என்பன நமக்குத் தெரியா. தன்னைக் கடிதலும் சில வேளை பிறரைக் கேளாதிருப்பதற்கு ஒரு வழியாகிவிடுகின்றது. பம்பாய்க் கவிஞர் நிசிம் எசேக்கியல் இந்நூலுக்கு எழுதிய மறுப்பிலும் இதனையொத்த ஒரு குறிப்பைக் காணலாம்: நைப்பால் கண்ட குறைகளிற் பலவற்றை அவர் ஒப்புக்கொண்டார், அக்குறைகளுக்கிடையே வாழும் மனிதரைக் காணாத அவசரத்தையே அவர் கடிந்தார். எசேக்கியல் இந்திய யூதக் குடியிற் பிறந்தவர் என்பதும், முன்னோர் மண் வேறாக இருப்பவர் ஒருவர் இந்தியாவைத் தம் வீடெனக் கொண்டு அம்மறுப்பை எழுதினார் என்பதும் நினைக்கத்தக்கன.

இனி, மறுதலையான ஒரு வரவேற்பைக் காண்போம். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி 1967 இற் கம்பியா நாட்டின் யுஃபுரே என்னும் ஊருக்குச் சென்றார். தம் ஏழாந்தலைமுறை முன்னோராகிய குந்தா கிந்தே அவ்வூரினர் என்பது அவர் கொள்கை. ஊர்ப் பெரியவர் ஒருவர் குலவரலாற்றை உரைக்க, அதில் அப்பெயர் வந்ததாக ஹேலி எழுதினார். பெண்டிர் தம் குழந்தைகளை அவர் கையில் மாறி மாறிக் கொடுத்து வாங்கினர். 1976 இல் வெளிவந்த ‘வேர்கள்’ உலகெங்கும் படிக்கப்பெற்றது. ஆயின் 1981 இல் வரலாற்றறிஞர் டொனல்ட் றைற் அவ்வுரையை ஆராய்ந்து, உரைத்தவர் மரபுவழிக் குலவரலாற்றுப் பாணர் அல்லர் என்றும், தேடி வந்தவர் எதை வேண்டினார் என்பது முன்னரே அங்குத் தெரிந்திருந்தது என்றும் காட்டினார். வேண்டிய முன்னோரையே விருந்தாகப் படைத்த ஊர் அது! அதனைப் பொய் என்று ஒதுக்குவது எளிது. எனினும் குழந்தையைக் கையிற் கொடுத்த தாயர் பொய் சொன்னார் என எவரும் கூறார். ஹேலியின் பிழை, நன்கொடையாக வந்ததைச் சான்றாக எடுத்துக்கொண்டமை.

மாயா ஆஞ்சலு 1962 முதல் 1965 வரை கானாவில் வாழ்ந்தவர். அவ்வாழ்வைப் பற்றி 1986 இல் வெளியிட்ட நூலின் இறுதியில் கேற்றா என்னும் கரையோரப் பட்டினத்துச் சந்தை வருகின்றது. அவர் முகத்தைக் கண்ட பெண்ணொருத்தி கூவுகின்றாள். வேறு பெண்டிரும் சூழ்ந்து அழுகின்றனர். அடிமை வாணிகத்தாற் சூறையாடப்பட்ட ஊர் அது. பிடித்துச் செல்லப்பட்டோரின் சாயலை அவர்கள் இவர் முகத்திற் கண்டனர். பெயரோ குலவரலாறோ அங்கு வினவப்படவில்லை; சந்தைக் காய்கறிகளை அள்ளிக் கொடுத்தனர். ஹேலிக்கு ஒரு பெயர் கிடைத்தது. ஆஞ்சலுவிற்குப் பெயர் கிடைக்கவில்லை. யான் இரண்டாவதையே நம்புகின்றேன். சான்று காட்ட வேண்டிய கட்டாயம் அவ்வழுகையில் இல்லாமையே அதற்குக் காரணம்.

சைதியா ஹார்ட்மன் 2007 இல் வெளியிட்ட ‘தாயை இழத்தல்’ என்னும் பொருள்படும் நூல் இம்மூன்றினும் கடுமையானது. கானாவில் அவரைச் சிறுவர்கள் ‘ஒபுரோனி’, அஃதாவது அந்நியர், என விளித்தனர். போர்த்துக்கீசர் 1482 இற் கட்டத் தொடங்கிய எல்மினாக் கோட்டையின் வாயிலில் இளைஞர் சிலர், சகோதரி என விளித்து உதவி வேண்டும் கடிதங்களை அவர் கையிற் கொடுத்தனர். ஒரே தெருவில் அந்நியர் எனவும் சகோதரி எனவும் இரு பெயர்! அடிமை என்பவர் எவ்வூரிலும் அந்நியராக்கப்பட்டவரே. ஆதலின் அவ்வழி வந்தவருக்கு மீளும் ஊர் என ஒன்றில்லை என்பது அவர் முடிபு. வாதம் வலிமையுடையது, ஆயினும் அக்கடிதங்களை அவர் படிக்கும் முறையில் நைப்பாலின் நிழல் படிந்திருத்தலைக் காணலாம். உல்லாசப் பயணிகளை நம்பி வாழும் பட்டினத்துச் சிறுவன் ‘சகோதரி’ என்று எழுதுவது வணிகமே ஆகலாம். ஆனால், கேட்கும் உரிமையை நாடும் சொல்லாக அவன் உறவுப் பெயரையே தேர்ந்தான் என்பதும் உண்மை.

நம் நாட்டோடு தொடர்புடைய செய்தியொன்றையும் இவ்விடத்துக் கூறாது விடலாகாது. 1964 ஆம் ஆண்டு ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோருட் பலர் இந்தியாவை அதற்குமுன் கண்டிராதோர். ‘தாயகம் திரும்பியோர்’ என்பது அவர்களுக்கு அரசு இட்ட பெயர். நீலகிரியில் அவர்களுக்கு வழங்கிய பெயரோ ‘சிலோன்காரர்’. நைப்பாலிடம் மீளும் பயணச்சீட்டு இருந்தது. ஓடிப்போவதற்கு அவருக்கு இடமிருந்தது. இவர்களுக்கு அஃதில்லை. விருந்தினராக ஒருநாளும் கருதப்படாது, சுற்றத்தாராகவும் ஏற்கப்படாது, கோப்புகளால் வரவேற்கப்பட்ட இம்மக்களின் பயணத்தை நைப்பாலின் உரைநடைக்கு நிகரான தமிழில் ஒருவர் எழுதுவாராயின், மேற்கூறிய நான்கு நூல்களும் அதன்முன் சிறியனவாகத் தோன்றும்.

நைப்பால் 2001 இல் நோபல் பரிசு பெற்று, 2018 இல் மறைந்தார். இந்தியாவைப் பற்றி அவர் மேலும் இரு நூல்கள் எழுதினார். 1990 இல் வந்த மூன்றாவது நூலில் அவர் பெரிதும் மாறியிருந்தார். பக்கம் பக்கமாகப் பிறரைப் பேசவிட்டுத் தாம் கேட்டிருந்தார். அந்நூலின் இறுதி அதிகாரத்தில், முன்னர்த் தாம் பல மாதங்கள் தங்கியிருந்த காஷ்மீரத்து ஏரிக்கரை விடுதிக்கு அவர் மீண்டு செல்கின்றார். விடுதியின் உரிமையாளரும், தமக்கு அக்காலத்தில் ஏவல் செய்த அசீசும் அவரை எதிர்கொள்கின்றனர். இருபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின் நிகழ்ந்த அச்சந்திப்பை அவர் கனிவோடு எழுதினார். அவ்விடுதியில் அவர் வாடகை செலுத்தித் தங்கியவர்.