பலகைக்கு அந்தப் பக்கம்

அடிப்பதற்கு முன் அந்தப் பெண் மூன்று முறை அளவெடுத்தாள். இரண்டு ஹாலோ பிளாக் கற்களின் மேல் பாலம் போலப் பைன் பலகை. கையை மெதுவாக இறக்கி, உள்ளங்கை ஓரம் பலகையின் நட்டநடுவில் பட்டும் படாமலும் நிற்கும்படி வைத்துப் பார்த்தாள். இரண்டாம் முறை முன்காலை இரண்டு விரல்கடை பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். டேக்வாண்டோ பெல்ட் டெஸ்ட்டுகள் பலவற்றைச் சுவரோரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு விரல்கடை நகர்வைப் போல அழகான ஒன்றை அங்கே அதிகம் கண்டதில்லை.

கொரிய மொழியில் கையின் இந்த ஓரத்துக்குச் ‘சொன்னல்’ என்று பெயர். ‘சொன்’ என்றால் கை, ‘நல்’ என்றால் கத்தியின் கூர். கைக்கு எங்கே கூர் இருக்கிறது என்று கண்டுகொள்வதுதான் பாதிப் பயிற்சி. சுண்டுவிரலில் பட்டால் விரல் போய்விடும். மணிக்கட்டு எலும்பில் பட்டால் வலி உயிர் போகும். இரண்டுக்கும் நடுவே சதைப்பற்றாக ஒரு துண்டு இருக்கிறதே, அதுதான் கூர். விரல்களை ஒட்டி, நுனிகளை லேசாக மடித்து, கட்டைவிரலை உள்ளே ஒடுக்கும்போது அந்தச் சதை திரண்டு எழுகிறது. அந்த இறுக்கமும் கடைசிக் கணத்தில்தான் வர வேண்டும். தோளிலிருந்து புறப்படும்போதே விறைத்த கைக்கு வேகம் கிடைக்காது.

பலகையை வைத்த விதத்தையும் பார்க்க வேண்டும். மரத்தின் ரேகை கற்களுக்கு இணையாக, கையின் ஓரம் படியப்போகும் அதே திசையில் ஓடியது. விறகு பிளப்பவருக்கு இது சொல்லித் தரவேண்டியதில்லை. நாரோடு போனால் மரம் வழிவிடும், நாருக்குக் குறுக்கே போனால் எதிர்த்து நிற்கும். ரேகை மாற்றி வைத்த பலகையில் எத்தனை பெரிய பலசாலியின் கையும் வீங்கித்தான் திரும்பும்.

முதல் அடியில் பலகை உடையவில்லை. ‘தொம்’ என்று மந்தமாக ஓர் ஓசை. பலகைக்குள் போக வேண்டிய விசையெல்லாம் கைக்கே திரும்பியதில் உள்ளங்கை ஓரம் சிவந்துவிட்டது. கை இறங்கிய வேகத்தில் குறை ஏதும் தெரியவில்லை. ஆனால் பலகையை நெருங்கும்போது தானாகவே தயங்கியது. பலகைதான் முடிவு என்று மனம் நினைத்தால் கை அதற்கு முன்பே நிற்கத் தயாராகிவிடுகிறது.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. மைக்கேல் ஃபெல்டும் ரொனால்டு மெக்நேரும் ஸ்டீபன் வில்க்கும் 1979 ஏப்ரல் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் கராத்தேயின் இயற்பியலை எழுதினார்கள். மெக்நேர் கராத்தேயில் கறுப்புப் பட்டை பெற்றவர். பிறகு விண்வெளி வீரராகி 1986இல் சேலஞ்சர் விண்கல விபத்தில் உயிரிழந்தார். அவர்கள் கணக்குப்படி, குத்தும் கை முழுதாக நீண்டு முடியும்போது அதன் வேகம் வடிந்துவிடுகிறது. ஏறக்குறைய முக்கால் பங்கு நீளும்போதுதான் உச்சத்தில் இருக்கிறது. அந்த உச்சத்தில் பலகையைச் சந்திக்க வேண்டுமானால், கை போய்ச் சேரவேண்டிய இடம் பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தாக வேண்டும். கையை எலும்பு முறியாமல் காப்பது பெரும்பாலும் எலும்பின் சொந்த வலிமைதான்.

மாஸ்டர் இதையெல்லாம் விளக்கவில்லை. “பலகையைப் பார்க்காதம்மா, தரையைப் பாரு. கை அங்க போகணும்” என்றார், அவ்வளவுதான்.

அவள் மறுபடி அளவெடுத்தாள். இந்த முறை ஒரே தடவை. கை காதோரம் ஏறியது. பிறகு இடுப்பு திரும்பியது, முழங்கால்கள் தளர்ந்து உடம்பின் எடை இறங்கியது, இடக்கை சரேலென்று இடுப்புக்குத் திரும்பியது, ‘கிஹாப்’ என்ற கூவல் வெடித்தது. எது முதலில், எது பின்னால் என்று பிரித்துச் சொல்ல என் கண்ணுக்கு வேகம் போதவில்லை. ‘சடக்’ என்ற சத்தம் கேட்டபோது அவள் கை கற்களுக்கு நடுவே, தரைக்கு ஒரு சாண் மேலே, அசையாமல் நின்றிருந்தது.

டெஸ்ட் முடிந்தபின் ஒரு பாதியை வாங்கிப் பார்த்தேன். பிசின் மணம் இன்னும் இருந்தது. அடி விழும்போது மேல்முகம் நெருக்குண்டு, அடிமுகம் இழுபட்டு, விரிசல் அடியிலிருந்துதான் மேலே ஏறும். அவள் கை பட்ட முகத்தை விரலால் தடவினேன். ஒரு சிறு பள்ளம்கூட இல்லை. வழவழவென்று, கடையில் வாங்கியபடியே இருந்தது.