மேடையும் திரையும் கல்விக்கூடத்துக்குள் வந்த வழி

நாடகம் தமிழ்க் கல்விக்கூடத்துக்குள் நூலாக நுழைந்தது. சினிமா கருவியாக நுழைந்தது. சென்னை கிறித்துவக் கல்லூரியில் தமிழ் கற்பித்த பரிதிமாற் கலைஞர் 1897இல் ‘நாடகவியல்’ எழுதினார். நாடகத்துக்குச் செய்யுளில் வகுத்த இலக்கணம் அது. ஷேக்ஸ்பியரையும் வடமொழித் தசரூபகத்தையும் துணைக்கு வைத்துக்கொண்டு தமிழ் நாடக மரபைத் தேடிய சுவாமி விபுலாநந்தரின் ‘மதங்கசூளாமணி’ 1926இல் வந்தது. சினிமாவோ 1940களின் நடுவில் சென்னை மத்திய பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவாகவும் ஒலிப்பதிவாகவும் பாடமானது. அந்தக் கிளைதான் வளர்ந்து, தரமணியில் இன்றிருக்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனமாக நிற்கிறது. ஒன்று தமிழ்த் துறையின் பிள்ளை, மற்றது தொழில்நுட்பக் கல்வியின் பிள்ளை. நடிக்கும் உடலையும் பார்க்கும் கண்ணையும் பழக்குவது இரண்டு இடத்திலும் பிந்தித்தான் வந்தது; வந்தபோதும் பெரும்பாலும் வெளியாள் ஒருவர்தான் கொண்டுவந்தார்.

அப்படி வந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர், கூத்து பழக்கும் ஆசானான வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். 1960களின் தொடக்கத்தில் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், மாணவர்களைக் கொண்டு மட்டக்களப்பு வடமோடிக் கூத்தை மேடையேற்ற முனைந்தார். அதே வளாகத்தில் நாடகாசிரியர் சரச்சந்திர 1956இல் தயாரித்த ‘மனமே’ சிங்கள நாடகத்தின் போக்கையே மாற்றியிருந்தது. அது எடுத்தாண்ட ‘நாடகம’ என்ற சிங்கள நாட்டார் வடிவத்துக்கே தமிழ்க் கூத்தில் வேர் உண்டு என்பது வித்தியானந்தனுக்குத் தூண்டுதலாக இருந்தது. அவருக்கு முன் அங்கிருந்த க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் நாடகங்கள் எழுதி மாணவர்களை நடிக்கவைத்தவர்தான். ஆனால் வித்தியானந்தனுக்கு வேண்டியிருந்தது தாளக்கட்டும் ஆட்டமும். அதைச் சொல்லிக்கொடுக்க ஊரிலிருந்து செல்லையா அண்ணாவியார் வர வேண்டியிருந்தது.

மட்டக்களப்புக் கிராமங்களில் கூத்து கற்பிக்கும் முறையைப் பார்த்தால், அதைவிட ஒழுங்கான பாடத்திட்டம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை என்பேன். முதலில் ஊர் கூடிச் சட்டங்கொடுத்தல்: யாருக்கு எந்தப் பாத்திரம் என்று முடிவாகி, அவரவர் பாட்டும் வசனமும் கைக்கு வரும். பிறகு மாதக்கணக்கில் இரவில் பழக்கம். ஆட்டம் காலில் படிந்தபின் சதங்கை அணிதல், அதன்பின் முழுக்கூத்தையும் ஆடிச் சரிபார்க்கும் அடுக்குப் பார்த்தல், கடைசியில் அரங்கேற்றம். களரியில் மத்தளத்தோடு நடுவே அண்ணாவியார் நிற்பார், சனம் சுற்றி இருக்கும், கூத்து விடியும்வரை போகும். தவறு செய்தவனை நிறுத்தி அதே தாளக்கட்டை மீண்டும் ஆடவைக்கும் அந்தப் பொறுமையை எந்த மதிப்பெண் முறையிலும் அடக்க முடியாது.

பேராதனையில் இந்தக் கூத்து ஓரிரு மணி நேரமாகச் சுருங்கியது. ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் படச்சட்ட மேடைக்கு மாறியது. ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964), ‘வாலி வதை’ (1968) எனத் தயாரிப்புகள் தொடர்ந்தன. அவற்றில் மாணவராக ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தார். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி ‘இராவணேசனை’ அடுத்த தலைமுறை மாணவர்களுக்குப் பழக்கினார். அந்தப் பல்கலைக்கழகம் இருப்பது அண்ணாவியாரின் ஊரான வந்தாறுமூலையிலேயே. ஆடியவரே ஆய்வாளராகி, மறுபடியும் ஆட்டுவித்த இந்த வரிசைதான் நாடகக் கல்வியில் தமிழர் கண்ட பெரிய வெற்றி என்று நினைக்கிறேன்.

அதற்கு எதிர்க்குரலும் அதே பல்கலைக்கழகத்திலிருந்துதான் எழுந்தது. அங்கே விரிவுரையாளராக இருந்த சி. ஜெயசங்கர், கூத்தைச் சுருக்கி மேடைக்கு எடுத்துப்போவதை ஏற்கவில்லை. சீலாமுனைக் கிராமத்தில் அண்ணாவிமாரோடும் ஊராரோடும் சேர்ந்து ‘கூத்து மீளுருவாக்கம்’ என்ற வேலையைத் தொடங்கினார். கூத்து களரியிலேயே இருக்கட்டும். அதில் உறைந்திருக்கும் சாதி, பெண் பற்றிய பார்வைகளை ஆடுபவர்களே பேசி மாற்றட்டும் என்பது அவர் வாதம். எனக்கு இரண்டு தரப்பும் வேண்டும். பேராதனை முயற்சி இல்லாவிட்டால் படித்த வர்க்கம் கூத்தைத் திரும்பிப் பார்த்திருக்காது. சீலாமுனை இல்லாவிட்டால் கூத்தாடுபவர்கள் தகவலாளிகளாகவே நின்றிருப்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் வேறு வழி. குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியில் பயிற்சி பெற்றவர்கள் பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பரவினார்கள். அவர் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் பல்கலைக்கழக மாணவர்களோடு ஊர் ஊராகப் போனது. இலங்கைப் பள்ளிகளில் நாடகமும் அரங்கியலும் தேர்வுப் பாடம். தமிழ்நாட்டில் அதற்கு நிகராக ஒன்று வேர்விடவில்லை. இங்கே நாடகத்துறைக்கு வரும் மாணவர் பெரும்பாலும் முதுகலையில்தான் மேடையைத் தொடுகிறார். இருபது வயதுக்குமேல் தொடங்கும் உடற்பயிற்சிக்கு இரண்டு ஆண்டு எப்படிப் போதும்?

தமிழ்நாட்டில் திருப்பம் 1977இல் வந்தது. காந்திகிராமத்தில் சே. இராமானுஜமும் கேரளத்தின் ஜி. சங்கரப்பிள்ளையும் நடத்திய நாடகப் பட்டறை, எழுத்தாளர்களையும் ஆசிரியர்களையும் நடிக்கவைத்தது. தேசிய நாடகப் பள்ளியில் பயின்ற இராமானுஜம் பிறகு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத்துறைக்கு வந்தார். அங்கே அவர் செய்த ‘வெறியாட்டம்’ யூரிப்பிடிசின் ‘ட்ரோஜன் பெண்கள்’ நாடகத்தைத் தழுவியது. போரில் எல்லாவற்றையும் இழந்த பெண்களின் துயரத்துக்கு நம்மூர் ஒப்பாரியைக் குரலாக்கினார். கிரேக்க நாடகத்தின் கோரஸ் என்ன என்பதை விரிவுரை கேட்டுப் புரிந்துகொள்வதும், மாரடித்து அழும் பெண்கள் நடுவே நின்று புரிந்துகொள்வதும் ஒன்றாகாது. மதுரையில் நிஜ நாடக இயக்கம் நடத்திய மு. இராமசுவாமியும் அந்தத் துறையில் ஆசிரியரானார்.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் 1988இல் இந்திரா பார்த்தசாரதி பொறுப்பேற்று உருவாக்கிய நிகழ்கலைப் பள்ளிக்கு நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயர். சுவாமிகள் 1922இல் மறைந்தது அதே புதுச்சேரியில்தான். நாட்டார் கலை ஆய்வாளர் கே.ஏ. குணசேகரன் அங்கு வந்தபின் பறையும் நாட்டார் பாட்டும் வகுப்பறைக்குள் ஒலித்தன.

சினிமாவுக்கு வருவோம். கேமராவும் ஒலியும் கற்றுத்தந்த சென்னை நிறுவனத்தின் பலனைக் குறைத்து மதிப்பிட முடியாது. பி.சி. ஸ்ரீராம் அங்கே பயின்றவர்; 1986இல் ‘ஊமை விழிகள்’ எடுத்தவர்கள் அந்நிறுவன மாணவர்கள். ஆனால் ஒரு படத்தை எப்படிப் பார்ப்பது என்ற கல்வி முதலில் புனேயில்தான் வேர்கொண்டது. 1960இல் பழைய பிரபாத் ஸ்டூடியோவில் தொடங்கிய திரைப்பட நிறுவனத்துக்குத் திரைப்பட ரசனை கற்பிக்க வந்த சதீஷ் பகதூர், ஆக்ராவில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர். திரைப்படச் சங்கம் நடத்தியவர். ‘பதேர் பாஞ்சாலி’யை ஷாட் ஷாட்டாக நிறுத்தி, இந்த இடத்தில் ஏன் வெட்டு, ஏன் இந்த ஒலி என்று கேட்டே ஒரு தலைமுறையை வளர்த்தார். அவருக்குத் தேவையான பிரிண்டுகளுக்குப் பக்கத்திலேயே 1964இல் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் அமைந்தது; அதைக் கட்டிக்காக்க பி.கே. நாயர் கிடைத்தார். மட்டக்களப்பிலிருந்து புனே போன பாலு மகேந்திராவும் ‘அக்ரகாரத்தில் கழுதை’ எடுத்த ஜான் ஆபிரகாமும் அந்தச் சூழலில் உருவானவர்கள்.

தமிழ்ச் சினிமா வரலாற்றை எழுதியவர் சு. தியடோர் பாஸ்கரன், அஞ்சல் துறை அதிகாரி. ‘தமிழ்த் திரைப்படம் அரசியல் ஊடகமாக’ என்ற கேள்வியை 1981இலேயே எழுப்பிய கா. சிவத்தம்பி, பண்டைத் தமிழ் நாடகத்தைப் பற்றி பர்மிங்ஹாமில் ஆய்வு செய்தவர். நம் பல்கலைக்கழகங்கள் இவர்களுக்குப் பின்னால்தான் நடந்துவந்தன. அதற்குள் போனது போய்விட்டது. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று பார்க்கக் கிடைக்காது. தென்னிந்திய மௌனப் படங்களில் முழுதாகத் தப்பியது பி.வி. ராவ் இயக்கிய ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றுதான். அதுவும் பதிப்புரிமை வழக்கில் முடங்கிக் கிடந்ததால் பிழைத்து, 1974இல் ஆவணக்காப்பகத்துக்குப் போய்ச்சேர்ந்தது. இன்று காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவர், பாட்டு வெட்டப்பட்ட மங்கலான யூடியூப் பிரதியைப் பார்த்துத்தான் 1940களின் படங்களைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறார்.

இரண்டு துறைகளும் தனித்தனியே இருப்பதால் இழக்கும் ஒன்றைச் சொல்கிறேன். கே.பி. சுந்தராம்பாள் ஒலிபெருக்கி இல்லாத காலத்து மேடையில் கடைசி வரிசைக்கும் எட்டும்படி பாடியவர். அதே குரல் ‘பக்த நந்தனாரில்’ (1935) மைக் முன்னால் வந்தது. ‘ஔவையாரில்’ (1953) முதிர்ந்தது. ‘திருவிளையாடலில்’ (1965) கலர்ப் படத்துக்குள் ஒலித்தது. மேடைக்காகப் பழகிய மூச்சு மைக்குக்கு எப்படிப் பணிந்தது, எங்கே பணிய மறுத்தது? ஸ்பெஷல் நாடகத்தின் பாட்டு முறையும், ஒலிப்பதிவின் தொழில்நுட்பமும், இசையும் தெரிந்த நெறியாளர் வேண்டும் இதற்கு. நாடகத்துறைக்குப் போனால் சினிமாத் தலைப்பு என்பார்கள். திரைப்பட நிறுவனத்துக்குப் போனால் ஒலிப்பதிவுப் பயிற்சி தருவார்கள். இசைத்துறையில் ராகத்தைக் கேட்பார்கள். மேடையில் சுந்தராம்பாளை நேரில் கேட்டவர்கள் இன்று மிகச் சிலரே. அவர்களுடைய நினைவைப் பதிவுசெய்வதையாவது இந்த மூன்று துறைகளில் ஏதேனும் ஒன்று உடனே கையிலெடுக்கலாம்.