தெரிந்தும் சொல்லாத இன்ஸ்டாலர்

ஆபீஸ் 2000 வந்தபோது கூடவே வந்தது விண்டோஸ் இன்ஸ்டாலர். தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்ளும் என்பதுதான் அதன் பெருமை. ஷார்ட்கட்டைத் தட்டினால் முதலில் அடையாளக் கோப்பு ஒன்று (இதற்குக் 'கீ பாத்' என்று பெயர்; ரெஜிஸ்ட்ரி பதிவாகவும் இருக்கலாம்) இருக்கிறதா என்று பார்க்கும். காணோமென்றால் மறுபடி நிறுவும். யோசனை என்னவோ நல்லதுதான். ஆனால் அந்தக் கோப்பைக் கொண்டுபோய் டெம்ப் ஃபோல்டரில் வைக்கிற புண்ணியவான்களும் உண்டு. க்ளீனர் துடைக்கும், இன்ஸ்டாலர் வைக்கும், க்ளீனர் மறுபடி துடைக்கும்.

உறையூரில் ஒரு டிடிபி கடையை எடுத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த சீசன், 'காத்திருக்கவும்' பெட்டி போகமாட்டேன் என்கிறது. அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாலும் அதே பேக்கேஜ், அதே கீ பாத். கடைசியில் "ஃபார்மேட் பண்ணிடலாமா சார்?" என்பார்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் அதோடு போனால், பழைய பத்திரிகைக் கோப்புகளெல்லாம் திறந்தும் படிக்க முடியாத கிறுக்கல்தான்.

எரிச்சல் இதுதான்: எது காணோம் என்று இன்ஸ்டாலருக்குத் தெரியும். திரையில் மட்டும் சொல்லாது. ஈவன்ட் வியூவரில், அப்ளிகேஷன் பதிவுகளில், 1001, 1004 என்ற எண்களில் எச்சரிக்கையாக எழுதி வைத்திருக்கும். 1004-ல் காணாமல் போன கோப்பின் முழு முகவரியே பெரும்பாலும் இருக்கும். அதைத் திரும்ப வைத்து, க்ளீனரை அந்தப் பக்கம் போகாமல் தடுத்தால் போதும். அவசரமென்றால் ஷார்ட்கட்டை விட்டுவிட்டு எக்ஸி கோப்பை நேராகத் திறந்து பாருங்கள். பல நேரம் பெட்டியே வராது.