நம்பாதவனின் வழக்கு

கடவுளை நம்பாதவனுக்குக் கோயில் விவகாரத்தில் என்ன வேலை என்ற கேள்வி நம்மிடையே பெரும்பாலும் வாயடைக்கத்தான் கேட்கப்படுகிறது. கேட்பவர் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறார். பகுத்தறிவாளர்களும் இதற்கு உருப்படியாகப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. மூட நம்பிக்கையை ஒழிக்க என்கிறார்கள். அது பதில் அல்ல, கோஷம். தனக்கு இல்லை என்று ஆகிவிட்ட ஒன்றைப் பற்றி ஒரு மனிதன் ஆயுள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்க வேறு ஏதோ காரணம் இருக்க வேண்டும்.

கேள்விக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. மதம் என்பது மனசுக்குள் நடக்கும் காரியம், நம்பினால் உண்டு, இல்லாவிட்டால் விட்டுவிட்டுப் போகலாம் என்பது அது. ஆங்கில இலக்கியம் படித்த என் போன்றவர்களிடம் சுலபமாகப் படிந்துவிடும் எண்ணம். மாத்யூ ஆர்னால்டின் 'டோவர் பீச்' (1867) கவிதையில் விசுவாசம் வடிந்துபோவது ஒரு தனி மனிதனின் ராத்திரித் துக்கம்; ஜன்னலோரம் காதலியை அழைத்து வைத்துக்கொண்டு அனுபவிக்கக்கூடிய துக்கம். அதன் உண்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் விருதுநகரில் அப்படி ஒரு ஜன்னல் கிடையாது. இங்கே மதம் என்பது எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கிணற்றில் இறைக்கலாம், யார் வீட்டில் பெண் எடுக்கலாம், மூட்டைக்கு எவ்வளவு மகமை என்ற விஷயங்கள். வியாபாரி நம்பினாலும் நம்பாவிட்டாலும் மகமை கொடுத்தான். அந்தப் பணத்தில் கோயிலும் நடந்தது, பள்ளிக்கூடமும் நடந்தது. கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்பவனிடம், உனக்குப் பக்தி உண்டா என்று கேட்பது விசித்திரம்.

இந்தப் பக்கத்தில் நாஸ்திகத்துக்கு முன்னால் பக்திதான் அடி வாங்கியது. கமுதிக் கோயிலுக்குள் போகும் உரிமைக்காக நாடார்கள் நடத்திய வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் தோற்றது. அதற்கு முன்பே, சிவகாசி விஸ்வநாத சுவாமி கோயில் தகராறு முற்றி 1899 ஜூனில் ஊரே எரிந்தது. வழக்குப் போட்டவர்களும் அடிபட்டவர்களும் சிவனை மனதார நம்பியவர்கள். ஒரு தலைமுறை கழித்து 1929இல் செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு கூடியபோது தலைமை வகித்தவர் பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியன். 1931இல் மூன்றாவது மாகாண மாநாடு விருதுநகரிலேயே கூடியது. வாசலில் தடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் வாசலே வேண்டாம் என்றார்கள். இவர்களைப் பார்த்து வெளியாட்கள் பேசக்கூடாது என்று சொன்னால், வெளியே தள்ளியது யார் என்ற கேள்வி உடனே எழும்.

இதை வெறும் ஆத்திரம் என்று ஒதுக்குவதும் தப்பு, முழுப் புரட்சி என்று கொண்டாடுவதும் தப்பு. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஹரிஜனங்களை அழைத்துச் சென்றபோது விருதுநகர் நாடார் ஒருவரும் கூடப் போனார். அதற்குப் பின் உள்ளே போனவர்களில் எத்தனை பேர், தங்களுக்கும் பின்னால் நின்றவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள் என்பதை இந்த ஊர்க்காரர்கள்தான் சொல்ல வேண்டும். பங்குனிப் பொங்கல் வரிப் புத்தகங்கள் இது பற்றிப் பேசுவதில்லை.

நம்பாதவன் ஒதுங்கிப் போக நினைத்தாலும் முடியாது என்பதற்கு அருப்புக்கோட்டை பக்கத்தில் சுக்கிலநத்தம் சாட்சி. 1928இல் அங்கே பெரியார் தலைமையில் புரோகிதர் இல்லாமல் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. மதத்தோடு விவாதிக்கவில்லை, அதை விட்டு விலகி ஒரு காரியம் செய்தார்கள். என்ன ஆயிற்று? 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட திருமணம் சட்டப்படி செல்லாது என்றது. 1967இல் அண்ணாதுரை அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்த பிறகுதான் அந்த மனைவிகள் மனைவிகள் ஆனார்கள். கவனிக்க வேண்டும்: இந்துத் திருமணச் சட்டத்தில். கடவுளை மறுத்தவனும் அந்தச் சட்டத்துக்குள் வந்துதான் தன் மறுப்பைப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. முஸ்லிம், கிறிஸ்தவர், பார்ஸி, யூதர் அல்லாத எவரையும் இந்து என்றே அந்தச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. பாங்க் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இது தினசரி அனுபவம். விண்ணப்பத்தில் மதம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. பெயரைப் பார்த்துக் கட்டத்தை நிரப்புவது குமாஸ்தாவின் பேனா. மனிதன் நம்பிக்கையை விடலாம், நம்பிக்கை அவனை விடுவதில்லை என்று இதை வசனமாக்க வேண்டாம். கட்டம் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் விநோதமானது அர்ச்சகர் பிரச்னை. கடவுள் இல்லை என்று சொன்ன மனிதர், எல்லாச் சாதிக்காரனும் கருவறைக்குள் போய்ப் பூஜை செய்ய வேண்டும் என்று தன் கடைசி நாட்கள் வரை கேட்டுக்கொண்டிருந்தார். எதிராளிகளுக்கு இது கேலிப் பொருள். உனக்குத்தான் சாமி இல்லையே, யார் பூஜை பண்ணினால் என்ன? உண்மையில் பெரியாருடைய தர்க்கம் இங்கேதான் மிகத் துல்லியமாக இருக்கிறது. சாமி உண்டா என்பதல்ல விஷயம், இந்த மனிதன் தொட்டால் தீட்டு என்ற தீர்ப்பு அந்த அறைக்குள் தினமும் எழுதப்படுகிறது என்பதுதான். சாமியை நம்பாதவன் மேலும் அந்தத் தீட்டு விழுகிறது. 1970இல் பரம்பரை அர்ச்சக உரிமையை ஒழித்த சட்டம் வந்தது. 1972இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஒப்புக்கொண்டு, நியமனம் ஆகமப்படி இருக்க வேண்டும் என்று ஒரு முடிச்சும் போட்டது. அடுத்த வருஷம் அவர் இறந்தார். அரசுப் பயிற்சிப் பள்ளிகளில் படித்து முடித்த இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் வருஷக்கணக்கில் காத்திருந்து, 2021 ஆகஸ்டில் அவர்களில் 24 பேருக்கு நியமனம் கிடைத்தது. நம்பாதவன் தொடங்கிய வழக்கில் பலன் பெற்றவர்கள் பக்தர்கள். இதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

யாழ்ப்பாணத்திலும் இதுவேதான் நடந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் தாழ்த்தப்பட்டவர்களோடு நின்றவர்கள் சீனச் சார்புக் கம்யூனிஸ்டுகள். குறுக்கே நின்றவர் ஆக்ஸ்போர்டில் படித்த கணிதப் பேராசிரியர் சுந்தரலிங்கம். அந்தக் காலத்துப் போராட்டங்களுக்குள் இருந்து வந்த கே. டானியல் 'பஞ்சமர்' எழுதினார். நாவலாக அதில் குறைகள் உண்டு. ஆனால் கோயிலைப் பற்றி நாம் எழுதிய பக்தி நாவல்கள் எதிலும் இல்லாத அளவுக்குக் கோயில் அதில் ஸ்தூலமாக இருக்கிறது.

இலக்கியத்துக்கு வந்துவிட்டோம். நம்பாதவனின் பேச்சு எந்தத் தரத்தில் நடக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். 1943 ஒரு நல்ல வருஷம். அந்த வருஷம் அண்ணாதுரை கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரிக்க வேண்டும் என்று ரா.பி. சேதுப்பிள்ளையோடும் சோமசுந்தர பாரதியோடும் வாதம் செய்தார். 'தீ பரவட்டும்' அதன் பதிவு. அதே வருஷம் 'கலைமகள்' பத்திரிகையில் புதுமைப்பித்தனின் 'சாப விமோசன'மும் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையு'மும் வந்தன. அண்ணாதுரை படித்திருந்தார், தயாராக வந்தார், சபையைக் கலகலக்க வைத்தார். ஆனால் அவருக்குக் கம்பன் ஒரு எதிர்க்கட்சிக்காரன். புதுமைப்பித்தனின் அகலிகையோ, ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னதைக் கேட்டு மறுபடி கல்லாகிறாள். ராமாயணத்தின் மேல் அதைவிடக் கடுமையான தீர்ப்பை எந்த மேடையும் சொல்லவில்லை. ராமாயணத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்தவனால்தான் அதைச் சொல்ல முடிந்தது. ஜீவா இன்னொரு விதம். பகத்சிங்கின் நாஸ்திகக் கட்டுரையைத் தமிழாக்கிய கை அவருடையது. காரைக்குடிக் கம்பன் விழாவில் கம்பனைப் பற்றி உருகியதும் அவர்தான். அவருடைய தோழர்களுக்கு அது தர்மசங்கடம். எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான்.

தாந்தேயின் மதத்தை ஏற்காமல் தாந்தேயைப் படிக்க முடியுமா என்று எலியட் 1929இல் யோசித்தார். முடியும், ஆனால் தாந்தே எதை நம்பினான் என்பது தெரிந்தாக வேண்டும் என்கிற இடத்துக்கு வந்தார். நம் பேராசிரியர்கள் திருவாசகத்தை இன்னும் விபூதி இட்டவர்களின் சொத்தாகவே வைத்திருக்கிறார்கள். பகுத்தறிவாளர்கள் அந்தப் பாகப்பிரிவினையைச் சந்தோஷமாக ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இருவருக்கும் சௌகரியம். பழைய தமிழில் இந்தச் சௌகரியம் இல்லை. மணிமேகலையில் வஞ்சி நகரத்தில் தத்தம் சமயத்தைச் சொல்ல வரும் வாதிகள் வரிசையில் கடைசி ஆள் பூதவாதி. கண்ணால் கண்டதைத் தவிர மற்றதை ஒப்புக்கொள்ளாதவன். அவனையும் பேச விட்டுக் கேட்டுவிட்டு, உன் தாய் தகப்பனை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று சிரித்தபடி கேட்கிறாள் மணிமேகலை. கேள்வி நியாயமானதா என்பது வேறு. உனக்கு இங்கே என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை.

இன்றைய பூதவாதிகள் மேல்தான் என் புகார். அவர்கள் பேசுவது அல்ல, படிக்காமல் பேசுவது. 1953இல் பெரியார் திருச்சியில் பிள்ளையார் சிலையை உடைத்தபோது, பிரதிஷ்டை ஆகாத மண் பொம்மை புனிதப் பொருளா என்று மாஜிஸ்டிரேட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை ஐந்து வருஷம் நீதிபதிகள் யோசிக்க வேண்டி வந்தது. ஒரு மண் உருவம் எந்தக் கணத்தில் சாமியாகிறது? பக்தர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இப்போது அப்படி யாரையும் யோசிக்க வைப்பதாகத் தெரியவில்லை. பழைய வாசகங்கள், பழைய ஆபாசக் கதைகள், கைதட்டல். பஜனை என்று இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

சிவகாசியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். நாட்டின் பட்டாசில் பெரும் பகுதி இங்கே தயாராகிறது. பெரும் பகுதி ஒரே ஒரு பண்டிகைக்கு விற்கிறது. தீபாவளி நரகாசுரன் என்ற திராவிடனைக் கொன்ற நாள், கொண்டாடாதே என்று சொல்பவனுக்கும் கடன் அடைவது தீபாவளியில்தான். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு ராத்திரி எட்டு முதல் பத்து வரை என்று நேரம் குறித்து, பேரியம் உப்பைத் தடை செய்தபோது, வெடி வெடிப்பது மத உரிமையா என்ற வாதமும் அங்கே நடந்தது. உயிர் வாழும் உரிமைக்கு அது கட்டுப்பட்டது என்றது கோர்ட். டில்லிக்காரர்களின் மூச்சைப் பற்றிய பேச்சு. மருந்து கலக்கும் அறையில் அந்த உப்பைக் கையால் அள்ளுகிறவரின் மூச்சு அந்த வாதத்தில் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கருகினார்கள். நம்பாதவன் தீபாவளியைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் எங்கே இருக்கிறது? ஆனால் என் கைக்கு வந்த தீபாவளி மறுப்புத் துண்டுப் பிரசுரங்கள் நரகாசுரனில் தொடங்கி நரகாசுரனிலேயே முடிகின்றன. கூலி இல்லை, மருந்து அறை இல்லை, மழைக்காலத்தில் வேலை நின்றால் அட்வான்ஸுக்கு வட்டி ஏறுவது இல்லை. பஸ் ஸ்டாண்டில் அதை வாங்கிக்கொள்பவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காலை ஷிப்டுக்கு வரும் கம்பெனி வேனைப் பார்த்து நிற்கிறார்.